அம்மாவோடு லைப்சிக்: ஒரே ஒரு சனிக்கிழமை போதுமா?

மூன்றாம்மாடி எழுதியது:

பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்து மூன்று வாரம் ஆகிறது. பிராண்டன்பர்க் வாயில், சுவர், அருங்காட்சியகத் தீவு எல்லாம் காட்டியாகிவிட்டது. எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குப்பா" என்கிறார். அம்மா "நல்லா இருக்குப்பா" என்று சொன்னால் மனசுக்கு ஒட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

அம்மாவுக்கு 67 வயது. லுத்தரன் சபை ஒன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஞாயிறு ஆராதனைக்கு வாசித்தவர். முதலில் காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ஆர்கன், அது ஓய்ந்ததும் கீபோர்டு. பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயர் தெரியும், ஆனால் உட்கார்ந்து இசைத்தட்டு கேட்கிற வழக்கமெல்லாம் கிடையாது. முழங்கால் வலி உண்டு. ஒரு கி.மீ. நடந்தால் கண் தானாகவே பெஞ்சைத் தேடும்.

மே நடுவில் ஒரு சனிக்கிழமை லைப்சிக் போகலாம் என்று எக்செல்லில் திட்டம் போட்டேன். காலை 7 மணிக்குக் கிளம்பி, தோமா ஆலயம், பாக் அருங்காட்சியகம், நிக்கோலாய் ஆலயம், இசையமைப்பாளர்கள் மெண்டல்சோன், ஷூமன் வாழ்ந்த வீடுகள், இசைக்கருவி அருங்காட்சியகம், 1813 போர் நினைவுச் சின்னம். திரும்பும் வழியில் விட்டன்பர்க்கில் இறங்கி, லூதர் 95 வாசகங்களை ஒட்டியதாகச் சொல்வார்களே, அந்தக் கதவு. லுத்தரன் அம்மாவை அதைக் காட்டாமல் எப்படிக் கூட்டிப்போவது?

கேட்க நினைப்பது இவ்வளவுதான்: இது ஒரு நாளில் முடியுமா? என்னிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு) இருக்கிறது, அம்மாவுக்கு மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வட்டார ரயிலிலேயே போய்விடலாமா? எதையாவது விடத்தான் வேண்டும் என்றால், எதை?


தண்டவாளம்62 எழுதியது:

ரயில் விஷயம் மட்டும் சொல்கிறேன். டாய்ச்லாண்ட் டிக்கெட் ஐசிஇ விரைவு ரயிலில் செல்லாது. வட்டார ரயிலில் விட்டன்பர்க் பக்கம் மாறிப் போக இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஐசிஇ ஒன்றேகால் மணி. போக வர கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதுவும் முழங்கால் வலிக்காரருக்கு, நடுவில் ஒரு மாற்றத்தோடு. சேமிப்புக் கட்டணச் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை பாதிக்கும் கீழே வரும். அம்மா வந்திருக்கும்போது போய் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்தச் சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். திரும்புவதற்குக் கடைசி நேர ரயிலைப் பிடிக்காமல், அதற்கு இரண்டு ரயில் முன்னால் போடுங்கள்.


எல்ஸ்டர்க்கரை எழுதியது:

தம்பி, உங்கள் பட்டியலைப் படித்ததும் என் முழங்கால் வலித்தது.

லைப்சிக்கில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். ஆய்வகத்தில் வேலை, சங்கீதத்துக்கும் எனக்கும் தூரம். அப்பா இங்கே வந்தபோது நானும் இப்படித்தான் ஒரு தாள் வைத்திருந்தேன். அந்த 1813 நினைவுச் சின்னம் 91 மீட்டர் உயரம், உச்சிக்குப் போக ஏறக்குறைய 500 படி. அப்பா பாதியில் உட்கார்ந்து, "நீ போய்ப் பார்த்துட்டு வாம்மா, நான் இங்கேயே நெப்போலியன் தோத்ததை நினைச்சுட்டு இருக்கேன்" என்றார். அன்றைக்கு ஆறு இடம் பார்த்தோம். ஊருக்குப் போன பிறகு அவர் பேசியது ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான். அது என் தாளிலேயே கிடையாது. மழைக்கு ஒதுங்கத்தான் அதற்குள் நுழைந்தோம்.

அதுதான் தோமா ஆலயத்தில் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு நடக்கும் மோட்டெட் என்ற பாடல் வழிபாடு. (வெள்ளி மாலை 6 மணிக்கும் உண்டு.) 1212இல் தொடங்கிய தோமானர் சிறுவர் குழு பாடும். சனிக்கிழமை என்றால் பெரும்பாலும் பாக்கின் காண்டாட்டா (ஆராதனைக்காக எழுதிய பல பகுதிப் பாடல்) ஒன்று வாத்தியக் குழுவோடு இருக்கும். 1723 முதல் 1750இல் சாகும்வரை பாக் இந்தக் குழுவுக்குத்தான் ஆசிரியர். முதல் சில வருஷங்கள் வாராவாரம் புதிதாக எழுதி, பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் நிக்கோலாயிலும் பாட வைத்தார். இத்தனைக்கும் அந்த வேலைக்கு நகர சபை முதலில் கேட்டது டெலமன் என்ற இசையமைப்பாளரை. அவர் வரவில்லை. அடுத்து கிரவுப்னர், அவரை டார்ம்ஷ்டாட் அரண்மனை விடவில்லை. அப்புறம்தான் பாக்.

நுழைவுக்குச் சில யூரோ கொடுத்தால் நிகழ்ச்சித் தாள் கையில் கிடைக்கும், அதுதான் சீட்டு. இட எண் எதுவும் கிடையாது. முக்கால் மணி முன்னால் கதவு திறப்பார்கள். நீங்கள் 2 மணிக்கே போய் நில்லுங்கள், அம்மாவை எதிரே பாக் சிலையைச் சுற்றியுள்ள இடத்தில் உட்கார வையுங்கள். அந்தச் சிலையில் கோட்டுப் பையின் உள்துணி வெளியே தொங்கும், பாக்கின் கை எப்போதும் காலி என்பதற்காகச் சிற்பி செய்த குறும்பு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். 1908இல் வைத்தது. அம்மா கேட்டால் சொல்லுங்கள்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள்: பாடுகிறவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இருக்கைகள் பலிபீடத்தைப் பார்த்து இருக்கும், குழு நிற்பது பின்னால் மேற்கு மாடத்தில், பெரிய ஆர்கன் பக்கத்தில். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், பத்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். சத்தம் தலைக்குப் பின்னாலிருந்து கூரையில் பட்டு இறங்கும். கைதட்டல் கிடையாது. அது கச்சேரி இல்லை, ஜெபம், ஆசீர்வாதம் எல்லாம் உள்ள வழிபாடு. பள்ளி விடுமுறையில் தோமானர் பாடமாட்டார்கள், வேறு குழு வரும். அதனால் சாக்சனி மாநில விடுமுறைப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பெர்லின் பட்டியல் வேறு.

பாக் கல்லறையும் உள்ளேயேதான், பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு வெண்கலத் தகடு, பெயர் மட்டும். 1750இல் நகருக்கு வெளியே யோவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்திருந்தார்கள். 1894இல் தோண்டி எடுத்தார்கள். போரில் அந்த ஆலயம் போனபின், 1950 முதல் இங்கே.

பாக் அருங்காட்சியகம் ஆலயத்துக்கு நேர் எதிரே, செவ்வாய் முதல் ஞாயிறு வரை. காலையில் அதைப் பாருங்கள். ஆனால் அது பாக் வாழ்ந்த வீடு என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் இருந்தது தோமா பள்ளிக் கட்டடத்தில், அதை 1902இல் இடித்துவிட்டார்கள். இது அவருடைய பக்கத்து வீட்டு நண்பர், போசே என்ற வியாபாரியின் வீடு. உங்கள் அம்மாவுக்கு அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 1743இல் பாக் சோதித்துப் பார்த்த ஆர்கனின் வாசிப்பு மேடை. யோவான் ஆலயத்திலிருந்து மிஞ்சியது. கட்டை, இழுவைக் குமிழ் எல்லாம் பார்க்கலாம். ஆர்கன் வாசித்தவருக்கு அது போதும், மற்ற அறைகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

முழங்காலுக்கு ஒரு வழி. லைப்சிக் தலைமை நிலையம் முட்டுச்சந்து நிலையம், ரயிலை விட்டு இறங்கினால் படி ஏறாமலே கூடத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து சந்தைச் சதுக்கம் நடை தூரம்தான், ஆனால் நடக்க வேண்டாம். நிலையத்துக்கு அடியில் 2013இல் திறந்த சுரங்கப் பாதை இருக்கிறது. எஸ்-பான் என்ற நகர ரயிலைப் பிடித்து ஒரே நிறுத்தம், 'மார்க்ட்'. மேலே வந்தால் சந்தைச் சதுக்கம், தோமா ஆலயம் ஐந்து நிமிடம். நகரத்தின் உள்பகுதியில் டிராம் ஓடாது, வளையச் சாலையோடு சரி. அது பலருக்குத் தெரியாமல் டிராமுக்குக் காத்திருப்பார்கள்.

விட்டன்பர்க் வேண்டாம். அது வேறு ஒரு நாள்.


நடைவண்டி எழுதியது:

எல்ஸ்டர்க்கரை சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். மோட்டெட் சரி. ஆனால் லைப்சிக் நடந்து பார்க்க வேண்டிய ஊர். தரையில் வளைந்த எஃகுப் பட்டைகளைப் பதித்து 'நோட்டன்ஷ்பூர்' என்று ஒரு பாதை போட்டிருக்கிறார்கள், 5.3 கி.மீ., 23 நிறுத்தங்கள். நான் ஒரு ஞாயிறு காலையில் தனியாக முழுவதும் நடந்தேன். கிளாரா ஷூமன் பிறந்த ஊர், வாக்னர் பிறந்த ஊர், மெண்டல்சோன் இறந்த ஊர், அத்தனையும் ஒரு காலைக்குள். ஐரோப்பாவில் வேறெங்கே கிடைக்கும்?

சரி, முழங்கால் வலியோடு 5.3 கி.மீ. சாத்தியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் மோட்டெட் முடிந்த பிறகு மெண்டல்சோன் வீடு மட்டும். கெவாண்ட்ஹவுஸ் அரங்கம் இருக்கும் அகுஸ்துஸ் சதுக்கத்திலிருந்து பத்து நிமிடம். 1847 நவம்பர் 4இல் அவர் இறந்த வீடு. கீழ்த்தளத்தில் ஒரு அறையில் நடத்துனர் கோலைக் கையில் கொடுப்பார்கள், வீசும் வேகத்துக்கு ஏற்ப ஒலிபெருக்கிகளில் வாத்தியக் குழு ஓடும், தூங்கும். ஒருவர் வாசித்துப் பழகியவர் என்றால் அங்கிருந்து கிளம்ப மனசு வராது.

இன்னொன்று. பெர்லின்காரர் என்பதால் சொல்கிறேன். பாக் இறந்த பின் மறந்து கிடந்த 'மத்தேயு பாடுகள்' என்ற அவருடைய பெரிய இசைப் படைப்பை 1829இல் தூக்கி நிறுத்தியவர் மெண்டல்சோன், வயது இருபது. அது நடந்தது லைப்சிக்கில் இல்லை, பெர்லினில். அந்தக் கட்டடம்தான் இன்றைய மாக்சிம் கோர்க்கி நாடக அரங்கம். அதன் வழியாகத்தான் நீங்கள் அம்மாவை அருங்காட்சியகத் தீவுக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள். அதே மெண்டல்சோன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக 1936இல் நாஜிகள் அவர் சிலையை லைப்சிக்கிலிருந்து அகற்றினார்கள். 2008இல் அதன் பிரதியைத் தோமா ஆலயத்தின் அருகிலேயே வைத்தார்கள். வரிசையில் நிற்கும்போது பார்த்துவிடலாம், நடைகூடத் தேவையில்லை.


பழம்ஏடு எழுதியது:

எல்லோரும் பாக்கையே பேசுகிறீர்கள். லுத்தரன் சபையில் முப்பது வருஷம் வாசித்தவர் என்றால் அவர் வாசித்ததில் பாதி லைப்சிக் வகையறாதானே?

ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்து ஜெர்மன் கோரல்களை, அதாவது சபையார் சேர்ந்து பாடும் பாட்டுகளை, மெட்டு மாறாமல் தமிழில் ஆக்கினார்கள். அதில் பெரிய பங்கு பெப்ரீசியஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரியுடையது. அவர் 1740இல் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்கியபோது பாக் லைப்சிக்கில் உயிரோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் கையில் இருந்தது ஒரே பாட்டுக் கட்டு. பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' இருக்கிறதே, அதன் மெட்டை மத்தேயு பாடுகளில் பாக் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார். 1727இல் பெரிய வெள்ளியன்று அது முதலில் ஒலித்தது நீங்கள் போகப்போகிற அதே ஆலயத்தில். மெட்டு பாக் போட்டதில்லை, அவருக்கு முந்தைய ஹாஸ்லருடையது, அது வேறு கதை.

லைப்சிக் மிஷன் 1848இல் டிரெஸ்டனிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தது. அதன் தலைவர் கார்ல் கிரவுல் தமிழ் படித்தவர். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் லைப்சிக்கில் வெளியிட்டார். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் இந்த மிஷனில் இருக்கிறது. அம்மாவுக்கு 'லைப்சிக் மிஷன்' என்ற பெயர் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.


மூன்றாம்மாடி எழுதியது:

பழம்ஏடு ஐயா, இப்போதுதான் கேட்டேன். "லைப்சிக் மிஷன்னா எங்க பள்ளிக்கூடமே அவங்க கட்டினதுதானே. அந்த லைப்சிக்கா இது? நீ லெய்ப்ஜிக் லெய்ப்ஜிக்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்" என்று என்னையே திட்டினார். மூன்று வாரத்தில் முதல் தடவை அவராகவே "எப்பப் போறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

எக்செல் தாளை அழித்துவிட்டேன். பாக் அருங்காட்சியகம், மோட்டெட், தெம்பு இருந்தால் மெண்டல்சோன். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா அசைவம் சாப்பிடுவார், ஆனால் சனிக்கிழமை மட்டும் காய்கறி.


எல்ஸ்டர்க்கரை எழுதியது:

'லைப்சிகர் அல்லர்லாய்' என்று உணவுப் பட்டியலில் பார்த்தால் ஏமாந்துவிடாதீர்கள். பட்டாணி, கேரட், தண்ணீர்விட்டான் தண்டு என்று காய்கறிக் கூட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் பழைய முறைப்படி செய்தால் அதில் நன்னீர் இறால் வகை ஒன்று போடுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'லைப்சிகர் லெர்ஹெ' பயமில்லாமல் வாங்கலாம். பெயர் வானம்பாடி என்றாலும் உள்ளே இருப்பது பாதாம் விழுது. ஒரு காலத்தில் நிஜமாகவே வானம்பாடியைப் பிடித்துச் சமைத்திருக்கிறார்கள். 1876இல் வேட்டையைத் தடை செய்ததும் பேக்கரிக்காரர்கள் அதே பெயரில் இதைச் செய்தார்கள். மேலே குறுக்காக இரண்டு மாவுப் பட்டை, பறவையைக் கட்டிய கயிறாம். மதிய சாப்பாட்டை 1 மணிக்குள் முடியுங்கள், 2 மணிக்கு வரிசை. கழிவறையையும் அதற்கு முன்பே. ஆலயத்துக்குள் உட்கார்ந்தபின் எழுந்து வருவது சிரமம்.


மூன்றாம்மாடி எழுதியது:

போய்வந்தோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

போன ரயில் 50 நிமிடம் தாமதம், அதனால் அருங்காட்சியகத்தில் முக்கால் மணிதான் கிடைத்தது. அதில் அரை மணி அம்மா அந்த ஆர்கன் மேடை முன்னால் நின்றார். உட்காரவே இல்லை. குமிழ்களைப் பார்த்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த காவலர் ஏதாவது வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். "இதுக்குக் காத்து அடிக்கிறது யாருன்னு கேளு" என்றார் அம்மா. தனி ஆள் துருத்தி மிதிப்பார் என்று அவர் விளக்கியதும், "குடுத்து வச்சவர். நான் தான் மிதிச்சேன், நான் தான் வாசிச்சேன்."

பாக் சிலைப் பையைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். சபையில் அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கதை அப்போதுதான் எனக்கே தெரியவந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

வரிசையில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். நடுவில் இடம் கிடைத்தது. நானும் கழுத்தைத் திருப்பினேன், எல்ஸ்டர்க்கரை அக்கா மன்னிக்கவும். அம்மா திரும்பவில்லை. வாசித்தவரையில் அவர் எப்போதும் சபைக்கு முதுகு காட்டியே உட்கார்ந்தவர், அதனால் இது அவருக்குப் புதிதாகவே தெரியவில்லை போல. மாலுமிச் சட்டை போட்ட சின்னப் பையன்கள் மேலே ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு, "இந்தக் குட்டிங்களா?" என்றார்.

காண்டாட்டா முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரோ என்று சந்தேகம்கூட வந்தது. நடுவில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு கோரல் வந்தது, நிகழ்ச்சித் தாளில் ஜெர்மன் வரிகளை அச்சடித்திருந்தார்கள். நான் தாளை அம்மா பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. ஆர்கன் முதல் அடியை எடுத்ததும் கண்ணைத் திறந்து தமிழில் பாட ஆரம்பித்துவிட்டார். ஞானப்பாட்டு, நான்கு சரணமும் மனப்பாடம். முன் வரிசைப் பெண்மணி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டைத் தொடர்ந்தார். எனக்கு எந்த மொழியில் பாடுவது என்று தெரியவில்லை, உதட்டை மட்டும் அசைத்தேன்.

மெண்டல்சோன் வீடு போக முடியவில்லை. கல் பாவிய தெருவில் நடந்ததில் கால் வீங்கிவிட்டது. நிக்கோலாய் ஆலயத்தில் உட்கார்ந்தோம். வெள்ளைத் தூண்கள் உச்சியில் பனையோலை மாதிரி விரிகின்றன. 1989 அக்டோபர் 9 அன்று இங்கே ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு சேர்ந்து 70,000 பேர் கிழக்கு ஜெர்மன் அரசை எதிர்த்து ஊர்வலம் போனதைச் சொன்னேன். ஒருவரும் சுடவில்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் லெர்ஹெ ஒன்றை இரண்டாகப் பிட்டுச் சாப்பிட்டோம்.

ரயில் ஏறி உட்கார்ந்ததும், "எப்படிம்மா இருந்தது?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "நல்லா இருக்குப்பா" வரவில்லை.

"வேகம் ஜாஸ்திடா. அந்தக் கோரலை எங்க சபையில இப்படி ஓட்டினா பாட்டிங்கெல்லாம் ரெண்டாவது அடியிலேயே நின்னுடுவாங்க. ஐயர் திரும்பிப் பார்ப்பார்" என்றார். விட்டன்பர்க் தாண்டும்வரை அந்த மெட்டைத் தன் வேகத்தில் முணுமுணுத்துக் காட்டி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமைக்கும் சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். தண்டவாளம்62, அந்தச் சேமிப்புக் கட்டணம் ஒரு வாரம் முன்னால் எடுத்தாலும் கிடைக்குமா?